ரசீதுப் புத்தகமும் அரசின் கையும்: அறக்கொடைக்குக் கணக்குக் கேட்ட வரலாறு



ஷஃபான் பிறை பாதியைக் கடந்துவிட்டால் கொடைரோடு ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் வெள்ளைத் தொப்பிகளின் எண்ணிக்கை கூடும். சுற்றுலா செல்வோர் கொடைக்கானல் பேருந்தைத் தேடி ஓடுவார்கள். தோளில் துணிப்பை, கையில் ரசீதுப் புத்தகம் என இறங்குகிறவர்களோ நிலக்கோட்டைக்கும் வத்தலக்குண்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் பிரிந்து செல்வார்கள். அவர்கள் மதரஸாக்களுக்காகவும் யத்தீம்கானாக்களுக்காகவும் வசூலுக்கு வந்த உஸ்தாதுமார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

ஒரு ரமளானில், நிலையத்திற்கு வெளியே பலசரக்குக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் ரசீதுப் புத்தகத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஹஜ்ரத், போன வருசமும் நீங்கதான் வந்தீக. புள்ளைக தங்குறதுக்குக் கட்டடம் கட்டுறோம்னு சொல்லி ஐநூறு ரூவா வாங்கிட்டுப் போனீக. அது எம்புட்டு எந்திரிச்சிருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கட்டடத்திற்கு எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவாயிற்று என்பது எனக்கே தெரியாது. முதலில் எனக்கு வந்தது கோபம். ஓர் ஆலிமிடம் இப்படிக் கேட்கலாமா என்று நினைத்தேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். ரசீது எழுதும்போது என் கை நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை. ஊர் திரும்பியதும் நிர்வாகத்தினரிடம் கணக்குக் கேட்டேன். "அல்லாஹ்வுக்காகக் கொடுத்தது, கணக்கை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொன்னார்கள்.

அந்தப் பதில் சரிதானா? அறக்கொடைக்குக் கணக்குக் கேட்பது மார்க்கத்திற்குப் புறம்பானதா? அரசு கேட்டால் அது தலையீடா? இக்கேள்விகளோடு பல ஆண்டுகள் படித்ததில் எனக்குத் தெளிவான வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

மதீனாவில் தொடங்கிய கணக்கு

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அஸ்து குலத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை, பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைக் காட்டி இது உங்களுக்குரியது என்றும், மறு பகுதியைக் காட்டி இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றும் சொன்னார். நபியவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. மிம்பரில் ஏறி, அந்த மனிதர் தம் தாய் தந்தையின் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற பொருளில் மக்கள் முன்னிலையில் கேட்டார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த நிகழ்ச்சியை, தலைவர் தம் அலுவலர்களிடம் கணக்குக் கேட்பது பற்றிய பாடத்திலும் பதிவு செய்திருக்கிறார்கள்.

வசூலித்தவர் ஒரு ஸஹாபி. வசூலிக்கப்பட்டது ஜகாத். கணக்குக் கேட்டவர் அல்லாஹ்வின் தூதர். கணக்கை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பது போதுமான பதிலாக இருந்திருந்தால், அதைச் சொல்ல எல்லோரையும்விடத் தகுதியுடையவர்கள் அவர்களே. ஆனால் அவர்கள் கேட்டார்கள்.

பிறரிடம் கேட்டுப் பெறுவதற்கும் நபியவர்கள் வரம்பு வைத்தார்கள். கபீஸா இப்னு முகாரிக் (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ள நபிமொழியின்படி, மூன்று பேருக்கே யாசிப்பது ஆகும்: பிறருடைய கடனுக்கோ இழப்பீட்டுக்கோ பொறுப்பேற்றவர், பேரிடரில் பொருளை இழந்தவர், வறுமையில் விழுந்துவிட்டார் என்று தம் கூட்டத்தாரில் அறிவுடைய மூவர் சாட்சி சொல்லப்பெற்றவர். மூன்றாமவருக்குரிய நிபந்தனையைக் கவனியுங்கள். கேட்பவர் சொல்லும் சொல் மட்டும் போதாது. அவரை அறிந்த மூவரின் சாட்சி வேண்டும். இன்று ஒரு ஜமாஅத், வசூலுக்கு வருபவரிடம் அவருடைய ஊர் ஜமாஅத்தின் அத்தாட்சிக் கடிதத்தைக் கேட்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

காழியின் பதிவேடு

உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை வக்ஃபு செய்தபோது, அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், செல்வம் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். முத்தவல்லி உரிமையாளர் அல்லர் என்ற கோட்பாடு அப்போதே வந்துவிட்டது.

ஆனால் வக்ஃபு செய்தவர் இறந்து இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்தபின், அந்த வரம்பை யார் பார்ப்பது? எகிப்தில் உமையாக்களின் காழியாக இருந்த தவ்பா இப்னு நமிர் அவர்கள் ஹிஜ்ரி 118இல், அதாவது கி.பி. 736இல், வக்ஃபுகளைத் தம் மேற்பார்வையின் கீழ்க் கொண்டுவந்து அவற்றுக்கென ஒரு பதிவேட்டை ஏற்படுத்தினார். அவர் சொன்ன காரணம் எளியது. இந்த அறங்கள் முடிவில் சென்று சேர வேண்டிய இடம் ஏழைகள். அவை அழிந்துபோகாமலும் வாரிசுச் சொத்தாக மாறிவிடாமலும் காக்க வேண்டும் என்றார். அரசு சார்ந்த அலுவலர் ஒருவர் அறக்கொடைகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் முறை நம் வரலாற்றில் இவ்வாறு வேரூன்றியது.

பின்னர் முஹ்தஸிப் என்ற பதவி வளர்ந்தது. சந்தையில் எடைக்கல்லைச் சோதித்த அதே அலுவலருக்குத்தான் யாசகத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் இருந்தது. ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள் ஆட்சியியல் பற்றிய தம் நூலில், பொருளோ தொழிலோ உடைய ஒருவர் தேவையின்றி யாசிப்பதைக் கண்டால் முஹ்தஸிப் அவரைக் கண்டிக்க வேண்டும் என்று விளக்குகிறார்கள். கொடுப்பவர் ஏமாறாமலும், உண்மையான ஏழையின் பங்கு பறிபோகாமலும் காப்பதே இதன் நோக்கம்.

ஆகவே அறக்கொடையை விசாரிக்கும் அதிகாரம் ஐரோப்பியர் கொண்டுவந்த புதுமையன்று. அது நம்மிடமே இருந்தது. பின்னாளில் அது நம் கையை விட்டுப் போயிற்று.

திண்டுக்கல் சீமையில் கும்பினியின் சட்டம்

இனி நம் பகுதிக்கு வருவோம். ஹைதர் அலி 1755இல் ஃபவ்ஜ்தாராக அமர்ந்திருந்த திண்டுக்கல், 1790இல் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் மூலம் முறைப்படி கும்பினிக்கு உரியதாயிற்று. பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் கோயில்களுக்கும் முந்தைய ஆட்சியாளர்கள் விட்ட மானிய நிலங்கள் இருந்தன. அவற்றை மேற்பார்த்துவந்த பழைய அரசுகள் போய்விட்டன; நிலங்கள் மட்டும் நின்றன.

சென்னை மாகாண அரசு 1817இல் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிவாசல்கள், கோயில்கள், கல்விக்கூடங்கள் முதலிய அறங்களுக்காக விடப்பட்ட நிலம், பணம் ஆகியவற்றின் பொது மேற்பார்வை வருவாய் வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கொடையாளரின் எண்ணப்படி வருமானம் செலவாகிறதா என்று பார்ப்பது வாரியத்தின் கடமையாயிற்று. மாவட்டத்தில் அந்தக் கை கலெக்டரின் கையாக இருந்தது.

பிற சமய வழிபாட்டிடங்களை ஒரு கிறித்தவ அரசு நிர்வகிக்கலாமா என்ற எதிர்ப்பு மிஷனரிகளிடமிருந்து எழுந்தது. 1840களின் தொடக்கத்தில் அரசு மெல்லப் பின்வாங்கியது. இறுதியில் 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டமான சமய அறக்கொடைச் சட்டம் வந்தது. அரசு கையைக் கழுவிக்கொண்டு, நிறுவனங்களை அறங்காவலர்களிடமும் அந்தந்தச் சமயத்தாரைக் கொண்ட உள்ளூர்க் குழுக்களிடமும் விட்டது. அறங்காவலர் முறையாகக் கணக்கு வைக்க வேண்டும், குழு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று சட்டத்தில் எழுதப்பட்டது. குழு உறுப்பினர் பதவியோ ஆயுட்காலப் பதவி. பல ஊர்களில் குழுக்கள் உறங்கிவிட்டன.

அச்சட்டத்தின் 14ஆம், 15ஆம் பிரிவுகள் நாம் அறிய வேண்டியவை. ஒரு பள்ளிவாசலில் அக்கறையுடைய எவரும், அதன் நிர்வாகி நம்பிக்கைத் துரோகம் செய்தாலோ கடமை தவறினாலோ, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குத் தொடரலாம். அந்த அக்கறை பணம் சார்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அங்கே தொழ வரும் உரிமை இருந்தாலே போதும். ஐந்து வேளைத் தொழுகைக்கு வந்து பின் ஸஃப்பில் நிற்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கு முத்தவல்லியிடம் நீதிமன்றத்தின் வழியாகக் கணக்குக் கேட்கும் உரிமை 1863இலேயே சட்டமாகிவிட்டது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கேட்க ஆளில்லாத சட்டங்கள்

அதன்பின் வந்த சட்டங்கள் பல. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொது அறக்கட்டளையில் நம்பிக்கைத் துரோகம் நடந்தால் அரசுத் தலைமை வழக்கறிஞர் தாமே வழக்குத் தொடரவும், அக்கறையுள்ள இருவரோ பலரோ அவருடைய எழுத்துபூர்வமான இசைவுடன் தொடரவும் வழி செய்தது. அறங்காவலரை நீக்கவும், புதியவரை அமர்த்தவும், கணக்கெடுக்கவும், நிர்வாகத் திட்டம் வகுக்கவும் நீதிமன்றம் ஆணையிடலாம். 1976ஆம் ஆண்டின் திருத்தம் அந்த இசைவுக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியே போதும் என்று மாற்றியது.

1920ஆம் ஆண்டின் அற, சமய அறக்கட்டளைச் சட்டம் இன்னும் எளிய வழியைத் திறந்தது. அக்கறையுள்ள ஒருவர் மாவட்ட நீதிபதியிடம் மனுக் கொடுத்தால், மனுவுக்கு முந்தைய மூன்றாண்டுக் கணக்கு வரை தணிக்கை செய்ய ஆணையிட முடியும்.

முஸ்லிம்களுக்கென்றே 1923இல் முசல்மான் வக்ஃபுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு முத்தவல்லியும் வக்ஃபின் விவரத்தையும் ஆண்டுக் கணக்கையும் மாவட்ட நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் 500 ரூபாய் வரை அபராதம். மீண்டும் தவறினால் 2,000 ரூபாய் வரை. அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆனால் கணக்கு வராத வக்ஃபுகளைத் தேடிச் சென்று விசாரிக்க ஓர் அலுவலர் இல்லை. கணக்கு வந்தால் நீதிமன்றம் வாங்கி வைக்கும். வராவிட்டால் யாரேனும் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். கேட்டால் ஊரில் பகை வரும் என்று பெரும்பாலோர் பேசாதிருந்தனர்.

இந்தக் குறையை நீக்கத்தான் சுதந்திர இந்தியாவில் 1954ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டமும், பின்னர் 1995ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. வக்ஃபுகளைக் கணக்கெடுக்க அளவை ஆணையர், மாநிலந்தோறும் வாரியம், பதிவு, ஆண்டுக் கணக்கு, தணிக்கை ஆகியவை ஏற்பட்டன. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, வக்ஃபில் அக்கறையுள்ள எவரும் உறுதிமொழிப் பத்திரத்துடன் விசாரணை கோரி வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் வாரியத்திற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அக்கறையுள்ளவர் என்றால் யார்? பள்ளியில் தொழவும், தர்காவில் சடங்குகளில் கலந்துகொள்ளவும் உரிமையுள்ளவரும் அதில் அடங்குவார். 1863இல் சொன்னதே இங்கும் தொடர்கிறது.

சட்டங்கள் மாறின, ஆட்சிகள் மாறின. ஆனாலும் விசாரணையைத் தொடங்கிவைக்கக்கூடிய சாவிகளில் ஒன்றை ஒவ்வொரு சட்டமும் தொழ வரும் சாதாரண மனிதரின் கையில்தான் கொடுத்திருக்கிறது. நாம் அதைப் பயன்படுத்தவில்லை.

வசூலுக்கே ஒரு சட்டம்: அஜ்மீர்

இதுவரை சொன்னவை பெரும்பாலும் சொத்துகளைப் பற்றியவை. கையேந்தி வசூலிப்பதைப் பற்றி நேரடியாகப் பேசிய சட்டம் ஒன்றும் நம் நாட்டில் உண்டு. நம் குடும்பங்களிலிருந்து ஜியாரத்துக்குச் சென்று வருவோர் அறிந்த அஜ்மீர் தர்காவைப் பற்றியது அது.

அங்கே காணிக்கைகள் யாரிடம் சேர்கின்றன, எப்படிச் செலவாகின்றன என்பது பற்றி நெடுங்கால வழக்குகள் இருந்தன. 1949இல் நீதிபதி குலாம் ஹசன் தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1955இல் தர்கா குவாஜா சாஹிப் சட்டம் நிறைவேறியது. அதன் 14ஆம் பிரிவின்படி, தர்காவின் சார்பில் நஜர் கேட்கவும் பெறவும் நாஜிமுக்கும் அவரால் அதிகாரம் பெற்றவருக்கும் மட்டுமே உரிமை உண்டு. மீறினால் 1,000 ரூபாய் வரை அபராதம்.

காதிம்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர்; அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1961இல் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. காதிம்களுக்கென்றே ஒருவர் விரும்பிக் கொடுப்பதை இப்பிரிவு தடுக்கவில்லை. தர்காவின் பெயரைச் சொல்லிப் பெறுவதைத்தான் ஒழுங்குபடுத்துகிறது என்று பிரித்துக் காட்டப்பட்டது. இது உங்களுக்கு, இது எனக்கு என்று இப்னுல் லுத்பிய்யா பிரித்த நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். தனக்கு வந்தது எது, தான் ஏந்திய பெயருக்காக வந்தது எது என்ற அதே கேள்விதான் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் டில்லி நீதிமன்றத்தில் பேசப்பட்டது.

மகாராஷ்டிரத்தில் வேறொரு முறை உள்ளது. 1950ஆம் ஆண்டின் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் அறநிலைய ஆணையர் என்ற அலுவலர் இருக்கிறார். அச்சட்டத்தில் பின்னர் சேர்ந்த 41சி பிரிவின்படி, சமயத்திற்கோ அறத்திற்கோ பொதுமக்களிடம் பணம் திரட்டுவோர் அவருடைய அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் எல்லா அறக்கட்டளைகளுக்கும் பொதுவான அத்தகைய ஆணையர் இல்லை. வக்ஃபு என்றால் வாரியம் கேட்கும். பதிவு பெற்ற சங்கம் என்றால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி பதிவாளர் தாமாகவோ, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டோ, கலெக்டர் கேட்டுக்கொண்டோ நிதிநிலையை விசாரிக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்த தனி அறக்கட்டளையாக இருந்தால் வருமான வரித்துறையின் விதிகள் உண்டு. வெளிப்படையான மோசடி என்றால் காவல்துறை இருக்கிறது. நம்பிக்கை மோசடியும் ஏமாற்றுதலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316, 318 பிரிவுகளின்படி குற்றங்கள். இவற்றுக்கு நடுவே, ரயிலில் வந்து இறங்கி ஒரு ரசீதுப் புத்தகத்தைக் காட்டும் தனி மனிதரை முதலில் விசாரிக்க வேண்டியவர் யார்? அந்த ஊர் ஜமாஅத்துதான்.

நூற்றுக்கு எண்பத்தைந்து

வசூலிப்பவருக்குச் சம்பளமா, விழுக்காட்டுப் பங்கா என்ற கேள்வி நம்மிடையே மெல்லிய குரலில்தான் பேசப்படுகிறது. சில இடங்களில் வசூலில் இத்தனை பங்கு என்று பேசி அனுப்புகிறார்கள். உலமாக்களில் பலர் இதை ஆகுமானதன்று என்கிறார்கள். கொடுப்பவருக்கு அந்தப் பங்கு தெரியாது என்பது இதில் இன்னொரு சிக்கல்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. முன்னாள் போர் வீரர்களுக்கான ஓர் அமைப்புக்காகத் தொலைபேசியில் நிதி திரட்டிய நிறுவனம் ஒன்று, வசூலில் 85 விழுக்காட்டைத் தானே வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் செய்திருந்தது. கொடுத்தவர்களிடமோ பெரும்பகுதி வீரர்களுக்குச் செல்வதைப் போலச் சொன்னது. மாநிலத்தின் தலைமைச் சட்ட அலுவலர் வழக்குத் தொடர்ந்தார். 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அதிகப் பங்கு எடுப்பது மட்டுமே குற்றமாகாது, ஆனால் பணம் எங்கே போகிறது என்பதில் கொடையாளரை வேண்டுமென்றே ஏமாற்றினால் அரசு மோசடி வழக்குத் தொடரலாம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் கொடைரோட்டுப் பெரியவர் நினைவுக்கு வந்தார். அவர் கேட்டதும் அதைத்தான்: நான் எதற்கென்று கொடுத்தேனோ, அதற்குப் போயிற்றா?

கணக்குக் கேட்பது வேறு, கைப்பற்றுவது வேறு

இந்த இடத்தில் ஒரு நியாயமான அச்சத்தைப் பேசாமல் போக முடியாது. கணக்குக் கேட்கிறேன் என்று வரும் அரசு, நம் மார்க்கத்திலேயே கைவைத்துவிட்டால்?

அமெரிக்காவில் 1940இல் கான்ட்வெல் வழக்கு நடந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் சமயத்தின் பெயரால் நிதி கேட்க ஓர் அலுவலரின் சான்றிதழ் வேண்டும். அந்தக் காரியம் உண்மையில் சமயம் சார்ந்ததா என்று அவரே முடிவு செய்வார். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த ஒருவரும் அவருடைய மகன்களும் கைதாயினர். எது சமயம் என்று முடிவு செய்வது அரசின் வேலையன்று என்று உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. அதே தீர்ப்பில், ஊருக்கு அந்நியரான ஒருவர் வசூலிக்கும் முன் தம் அடையாளத்தையும் தமக்குள்ள அதிகாரத்தையும் நிரூபிக்கும்படி அரசு கேட்கலாம் என்றும் சொன்னது.

நம் உச்ச நீதிமன்றமும் 1954இல் ரத்திலால் பானாசந்த் காந்தி வழக்கில் இத்தகைய எல்லையை வரைந்தது. அறக்கட்டளைச் சொத்தின் நிர்வாகத்தை அரசு சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம். ஆனால் அறநிலைய ஆணையரையே அறங்காவலராக அமர்த்துவதும், ஒரு சமய நோக்கத்திற்காகக் கொடுத்த பணத்தை அந்நோக்கம் நிறைவேறக்கூடியதாக இருக்கும்போதே வேறொன்றுக்குத் திருப்புவதும் ஆகாது என்றது.

2025ஆம் ஆண்டின் வக்ஃபுத் திருத்தச் சட்டத்தைப் பற்றிய விவாதத்திலும் இந்த எல்லையைக் கொண்டே நாம் சிந்திக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியதைக் காட்டினால்தான் வக்ஃபு செய்யலாம் என்ற நிபந்தனையையும், ஒரு சொத்து அரசுடையதா என்ற கேள்வியில் அரசு அலுவலரின் முடிவுக்கு உரிமையை மாற்றும் வலிமை தந்த விதிகளையும் உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று இடைக்காலமாக நிறுத்திவைத்தது. பதிவு செய்ய வேண்டும் என்ற கடமையை நிறுத்தவில்லை. நம் உரிமைக்காக நீதிமன்றத்தில் நிற்பது தேவை. அதே நேரத்தில், பதிவும் கணக்கும் தணிக்கையும் நம்மீது உள்ள அமானத் என்பதை மறுக்கவும் இயலாது. கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் நிறுவனமே, எல்லை மீறி வரும் கையை எதிர்த்து நிமிர்ந்து நிற்க முடியும்.

நம் வீட்டிலிருந்து

எனவே குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள். ரமளானில் வீட்டு வாசலுக்கு வருபவரை விரட்டாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள். ஸலாம் சொல்லி அமரவைத்து, எந்த ஊர், எந்த மதரஸா, ஊர் ஜமாஅத்தின் கடிதம் உண்டா, கடந்த ஆண்டின் வரவு செலவு எங்கே என்று கேளுங்கள். ரசீதில் வரிசை எண்ணும் முகவரியும் உள்ளனவா என்று பாருங்கள். கொடுப்பது ஜகாத்தா, ஸதகாவா என்பதைச் சொல்லி, அதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ஜகாத் எட்டு வகையினருக்கு உரியது என்று தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. கட்டடம் கட்ட அதை எடுக்கலாகாது என்பதே பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பு. உங்கள் மஹல்லாவின் ஆண்டுக் கணக்கு பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படுகிறதா என்பதையும் பாருங்கள். இல்லையெனில் மரியாதையுடன் கேளுங்கள்.

உஸ்தாதுமார்களாகிய நமக்கும் ஒரு சொல். கேள்வி கேட்பவர் நம்மை அவமதிக்கவில்லை. மறுமையில் நம்மிடம் கேட்கப்படவிருக்கும் கேள்வியை இம்மையிலேயே எளிதாக்கித் தருகிறார்.

அந்தப் பெரியவர் கேட்ட மறு ஆண்டு, கணக்கு அச்சாகாமல் ரசீதுப் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று நிர்வாகத்தாரிடம் சொன்னேன். அந்த ரமளானில் என்னை அவர்கள் அனுப்பவில்லை. வசூலுக்குச் செல்வோருக்குக் கிடைக்கும் தொகையும் எனக்கு வரவில்லை. பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கக் கடன் வாங்கினேன். அதற்கடுத்த ஆண்டு வேறொரு மதரஸாவில் சேர்ந்தேன். அங்கே ஒரே ஒரு தாள்தான், வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். அதை எடுத்துக்கொண்டு மீண்டும் கொடைரோட்டில் இறங்கினேன்.

கடையில் அவருடைய மகன் இருந்தார். பெரியவர் முந்தைய ஆண்டு மவுத்தாகிவிட்டார் என்றார். இன்னா லில்லாஹி. அந்தத் தாளை அவரிடம் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, "அத்தா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாக, ஹஜ்ரத்" என்றார்.

அந்தப் பெரியவரின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்குவானாக. கொடுப்பவர், வசூலிப்பவர், நிர்வகிப்பவர் ஆகிய நம் எல்லோரையும் அமானத்தைப் பேணுவோராக ஆக்குவானாக. ஆமீன்.